கணக்கில் சேராத ஆட்டத்துக்கு ஒரு பயணம்

வெற்றியும் தோல்வியும் கணக்கிலெடுக்கப்படாத ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக, வருடந்தவறாமல் விமானமேறிப் பல நூறு மைல் செல்லும் மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒருவர் இருவரல்லர், இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். கைக்குழந்தையுடனும், ஊன்றுகோல் பிடித்த முதியவர்களுடனும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அமெரிக்காவின் வட பகுதிகள் பனியில் உறைந்து கிடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் காயும் அரிசோனாவையும் புளோரிடாவையும் நோக்கி இவர்கள் புறப்படுவது பேஸ்போல் பார்க்கத்தான். அதுவும் பயிற்சி ஆட்டம்!

பேஸ்போல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நமது ஊர் மைதானத்தில் எல்லே விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி விளங்கின மாதிரிதான். பந்தை அடித்துவிட்டு, கட்டம் கட்டமாகச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அங்கே பெரிய கழகங்கள் 30 உள்ளன. மார்ச் கடைசியில் போட்டிப் பருவம் தொடங்கினால் ஒவ்வொரு கழகமும் 162 ஆட்டங்கள் ஆடும். அதற்கு முன்னர் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பயிற்சி முகாம். 15 கழகங்கள் அரிசோனாவில் கூடாரமடிக்கின்றன. அதற்குக் 'கள்ளிச்செடி லீக்' என்று பெயர். மற்றைய 15 கழகங்கள் புளோரிடாவில். அது 'கிரேப்புரூட் லீக்'.

கிரேப்புரூட் என்பது தோடம்பழத்தை விடப் பெரிதான, கொஞ்சம் கசக்கும் பழம். அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1915 மார்ச்சில் புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் முகாமிட்டிருந்த புரூக்ளின் கழகத்தின் முகாமையாளர் வில்பர்ட் ரொபின்சன், ஆகாய விமானத்திலிருந்து போடும் பந்தைத் தம்மால் பிடிக்க முடியும் என்று வீறாப்புப் பேசினார். விமானத்தை ஓட்டியவர் யார் தெரியுமா? ரூத் லோ என்ற பெண்மணி! பெண்களுக்கு வாக்குரிமை கூட நாடு முழுவதற்கும் கிடைத்திராத காலம் அது. அவர் பந்தைக் கொண்டுபோக மறந்துவிட்டார். கையில் கிடைத்த ஒரு கிரேப்புரூட்டைப் போட்டார். பழம் மனுஷனின் நெஞ்சில் விழுந்து உடைந்து, சாறு முகமெல்லாம் தெறிக்க, அதை இரத்தமென்று நினைத்து 'செத்தேன்' என்று அலறினாராம். லீக்குக்குப் பெயர் இதனால்தான் வந்ததென்று ரசிகர்கள் கதைப்பார்கள். அந்த மாநிலம் எங்கும் கிரேப்புரூட் தோட்டம் இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் கதை நல்ல கதை.

சரி, முதலில் அரிசோனாவுக்குப் போவோம். புளோரிடாவில் மைதானத்துக்கு மைதானம் மணித்தியாலக் கணக்கில் கார் ஓட வேண்டும். அரிசோனாவிலோ பத்து மைதானங்களும் பீனிக்ஸ் நகரையும் அதை அண்டிய ஊர்களையும் சுற்றியே இருக்கின்றன. மார்ச் மாதத்தில் அங்கே மழை அபூர்வம். சூடும் குளிருமில்லாத இதமான காற்று. மேசா பக்கம் போனால் தோடம்பூ வாசம் வீசும். ஆனால் வெயில் மட்டும் ஏமாற்றும். புழுக்கம் இல்லாததால் சுடுவது தெரியாது. மாலையில் பார்த்தால் பிள்ளைகளின் முகம் சிவந்திருக்கும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம்.

விஷயம் தெரிந்த ரசிகர் காலையிலேயே போய்விடுவார். பக்கத்துச் சிறு மைதானங்களில் வீரர்கள் பந்து பொறுக்கிப் பழகுவதை வேலியோரமாக நின்று பார்க்கலாம். கோடிக்கணக்கான டொலர் சம்பளம் வாங்கும் ஒருவர், நாலு முழ தூரத்தில் நின்று, ஒரே பந்தை ஒரே மாதிரி ஐம்பது தடவை எடுத்தெறிவார். சிறுவர்கள் பந்தை நீட்டினால் சிலர் நின்று கையொப்பமிட்டுக் கொடுப்பார்கள். ஏப்ரல் பிறந்தால் அதே வீரரை, அறுபது எழுபது யார் தூரத்திலிருந்து எறும்பளவாகத்தான் பார்க்கலாம்.

ஆட்டம் பெரும்பாலும் பகல் ஒரு மணிக்கு. பல மைதானங்களில் எல்லைக்கு அப்பால் சரிவான புற்றரை உண்டு. மலிவான டிக்கட் அதற்குத்தான். குடும்பங்கள் விரிப்பை விரித்து உட்கார்ந்துவிடும். பிள்ளை உருண்டு விளையாடும், தாய் புத்தகம் வாசிப்பாள், தகப்பன் ஓட்டக் கணக்கை எழுதுவான். பெயர் பெற்ற வீரர்கள் பாதி ஆட்டத்துடன் போய்விடுவார்கள். அதன்பின் வருகிறவர்களைக் கவனியுங்கள். சட்டையில் 80, 90 என்று பெரிய இலக்கங்கள் இருக்கும். சிலருடைய சட்டையில் பெயரே இராது. கழகமொன்று முகாமுக்கு அழைப்பது அறுபது பேரளவில். பருவம் தொடங்கும்போது வைத்துக்கொள்வது 26 பேரை மட்டுந்தான். மற்றவர்கள் சிறு கழகங்களுக்கு அனுப்பப்படுவார்கள், அல்லது வீட்டுக்கு. ஆகவே பார்க்கிறவருக்குத்தான் இது கணக்கில் சேராத ஆட்டம். எட்டாம் சுற்றில் மட்டை பிடித்து நிற்கும் அந்த இளைஞனுக்கோ இதுதான் பரீட்சை. புள்ளிப்பலகையை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்திருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். இனிச் சாப்பாடும் புத்தகமும்.

ஸ்கொட்ஸ்டேல் என்ற ஊரில் பழைய கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்திலேயே மைதானம் இருக்கிறது. 'டொன் அண்ட் சார்லிஸ்' என்று ஓர் உணவகம் அங்கே இருந்தது. சுவரெல்லாம் கையொப்பமிட்ட பந்துகளும் மட்டைகளும் சட்டைகளுமாகப் பொருட்காட்சிச் சாலை போலிருக்கும். ரசிகர் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் விளையாட்டு வீரரே உட்கார்ந்திருப்பார். 2019 இல் அதை மூடிவிட்டார்கள். வருடாவருடம் போனவர்கள் இன்றும் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு 'ஷுகர் போல்' இருக்கிறது. 1958 இல் திறந்த ஐஸ்கிரீம் கடை. உள்ளும் புறமும் ரோஸ் நிறம். பக்கத்து ஊரில் வாழ்ந்த பில் கீன் என்ற ஓவியர், தமது குடும்பச் சித்திரங்களில் இந்தக் கடையையும் வரைந்து அதற்குப் புகழ் தேடிக் கொடுத்தார்.

சோல்ட் ரிவர் ஃபீல்ட்ஸ் என்ற மைதானம் 2011 இல் பூர்வீக இந்தியக் குடிகளின் சொந்த நிலத்தில் கட்டப்பட்டது. அந்தப் பக்கம் போனால் 'ஃப்ரை பிரெட்' கேட்டு வாங்கலாம். பூரியைப் பெரிதாகவும் தடிப்பாகவும் பொரித்தெடுத்தால் எப்படியிருக்கும், அதுதான். மேலே தேனோ அவரையோ இறைச்சியோ வரும். ருசிக்குப் பின்னால் ஒரு வேதனையும் உண்டு. 1864 இல் நவஹோ மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து விரட்டிக் கால்நடையாக நடத்திச் சென்று அடைத்து வைத்தபோது, பங்கீடாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்து அந்தப் பெண்கள் சமைத்துப் பழகியது என்று சொல்லப்படுகிறது. எம்மவர்கள் வாங்குமுன் எதில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பன்றிக் கொழுப்பில் பொரிப்பவர்களும் உண்டு. 'சொனோரா ஹொட் டோக்' என்று தெருவோரத்தில் விற்பதைக் கேட்கவே தேவையில்லை, அதைச் சுற்றியிருப்பதே பன்றியிறைச்சி. டெம்பி நகரில் பல்கலைக்கழகத்தை அண்டி அரபுச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன.

புத்தகக்காரர்களுக்கும் இது நல்ல ஊர். டெம்பியில் 1974 இல் தொடங்கிய 'சேஞ்சிங் ஹேண்ட்ஸ்', ஸ்கொட்ஸ்டேலில் துப்பறியும் கதைகளுக்கென்றே பார்பரா பீட்டர்ஸ் என்ற பெண்மணி 1989 இல் தொடங்கிய 'பொய்சன்ட் பென்' என்று இரண்டு கடைகள். பகலில் ஆட்டம், இரவில் கொலைக்கதை என்று ஒரு கிழமையைக் கழிப்பவர்கள் பலர்.

பேஸ்போல் பற்றிய புத்தகம்தான் வேண்டுமென்றால், பெண்களுக்கு நான் முதலில் சொல்வது டொரிஸ் கேர்ன்ஸ் குட்வின் 1997 இல் வெளியிட்ட 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்'. சரித்திர ஆசிரியை எழுதிய பிள்ளைப்பருவ நினைவுகள். ஆறு வயதில் தகப்பன் அவருக்கு ஓட்டக் கணக்கு எழுதும் கொப்பி ஒன்றைக் கொடுக்கிறார். பகலில் வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுச் சிறுமி எழுதி வைப்பாள். வேலை முடிந்து வரும் தகப்பனுக்கு அன்றைய ஆட்டத்தை அடிக்கு அடி ஒப்பிப்பாள். தான் சொல்லாவிட்டால் வாப்பாவுக்கு ஆட்டமே தெரியாமல் போய்விடும் என்று பிள்ளைக்கு நினைப்பு! பத்திரிகையில் வருமென்பது பிறகுதான் தெரிகிறது. தாய் இருதய நோயாளி. வெளியே அதிகம் போகமுடியாத அந்தத் தாய்தான் மகளுக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டியவள். கதை சொல்லும் கலையை ஆட்டமும் தாயின் வாசிப்புமாகச் சேர்ந்து கற்பித்தன என்பதை அந்நூலில் காணலாம்.

இன்னொருவர் ரோஜர் ஏஞ்சல். 2022 இல் தமது 101 ஆவது வயதில் காலமான இவர், 'நியூ யோர்க்கர்' சஞ்சிகைக்காக 1962 இல் எழுதிய முதலாவது பேஸ்போல் கட்டுரையே புளோரிடாப் பயிற்சி முகாம் பற்றியதுதான். வீரர்களை விட, வாங்குகளில் அமர்ந்து வெயில் காயும் ஓய்வுபெற்ற முதியவர்களைத்தான் அதில் அன்போடு கவனித்திருக்கிறார்.

அவர் போன ஊர்களில் ஒன்று செயின்ட் பீற்றர்ஸ்பேர்க். அதே ஊரில் அதற்கு முந்திய வருடம், 1961 இல், ஒரு காலைச் சாப்பாட்டினால் பெரிய பிரச்சினை வந்தது. ஊர் வர்த்தக சபை வீரர்களுக்குக் காலை விருந்து வைத்தது. அழைப்பு வெள்ளையருக்கு மட்டும். கார்டினல்ஸ் கழகத்தின் கறுப்பின வீரர் பில் வைட் பத்திரிகையாளரிடம் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஒரே மைதானத்தில் ஓடுகிறவர்கள் மாலையானதும் பிரிந்துபோக வேண்டியிருந்தது. வெள்ளையருக்கு ஹோட்டல், கறுப்பருக்கு ஊரின் மறுபக்கத்தில் யாராவது வீட்டு அறை. விஷயம் நாடெங்கும் பேசப்பட்டதன் பின், 1962 இல் கழகத்தின் குடும்பங்களெல்லாம் ஒரே மொட்டலில் தங்க ஏற்பாடாயிற்று. வழக்கமாகக் கடற்கரை வீடு எடுக்கும் ஸ்டான் மியூசியல், கென் போயர் என்ற பெரிய வீரர்களும் அதை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். மனைவிமார் சேர்ந்து உண்டார்கள், பிள்ளைகள் ஒரே தடாகத்தில் நீந்தினார்கள்.

அரிசோனாவில் மட்டும் நிலைமை நல்லாயிருந்ததா? 1947 இல் கிளீவ்லண்ட் கழகம் புளோரிடாவை விட்டு அரிசோனாவின் டூசொன் நகருக்கு வந்தபோது, அங்கே பேதம் குறைவாயிருக்கும் என்று அதன் உரிமையாளர் பில் வீக் நம்பினார். ஆனால் 1948 இல் அவருடைய கறுப்பின வீரர் லாரி டோபிக்குக் கழகம் தங்கிய ஹோட்டலில் இடமில்லை. ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கித்தான் பயிற்சிக்குப் போனார்.

இந்தப் பயணங்களிலெல்லாம் என் மனதை விட்டகலாதது 1946 இல் ஒரு புதுத் தம்பதி போன பயணம். பெரிய கழகங்கள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாத காலம். புரூக்ளின் கழகம் ஜக்கி ரொபின்சன் என்ற இளைஞரைத் தனது கிளைக் கழகமொன்றுக்கு எடுத்திருந்தது. பெப்ரவரி 10 இல் கல்யாணம். மூன்று கிழமை ஆகுமுன்னே மனைவி ரேச்சலுடன் கலிபோர்னியாவிலிருந்து டேட்டோனா பீச் முகாமுக்குப் புறப்பட்டார். விமான நிலையத்தில் ஜக்கியின் தாயார், சப்பாத்துப் பெட்டியொன்றில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் வைத்துக் கட்டிய பார்சலை நீட்டினார். மருமகளுக்கு வெட்கம். விமானத்தில் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் சுமப்பதா என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது? மாமி மனம் நோகுமே என்று வாங்கிக்கொண்டார்கள்.

நியூ ஓர்லியன்ஸில் அவர்களை விமானத்திலிருந்து இறக்கிவிட்டு வெள்ளையருக்கு இடம் கொடுத்தார்கள். பசித்தது. விமான நிலைய உணவுச்சாலையில் வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படி வாங்க மனமில்லாமல், அந்தச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்துதான் இருவரும் சாப்பிட்டார்கள். தெற்கை அறிந்த தாய்க்கு முன்னரே தெரிந்திருந்தது. பிறகு பென்சகோலாவில் மீண்டும் இறக்கிவிடப்பட்டு, பஸ்ஸில் பின் ஆசனத்துக்கு விரட்டப்பட்டுத்தான் புளோரிடா முழுவதையும் கடந்து போய்ச் சேர்ந்தார்கள். சான்ஃபோர்ட் என்ற ஊரிலிருந்து மிரட்டலினால் இரவோடிரவாக வெளியேறவும் வேண்டியிருந்தது. மார்ச் 17 இல் டேட்டோனா பீச்சில் ஜக்கி வெள்ளையருடன் சேர்ந்து களமிறங்கினார். கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம்தான்! அடுத்த வருடம் ஏப்ரல் 15 இல் பெரிய கழகத்திலேயே ஆடினார்.

1948 முதல் புரூக்ளின் கழகம் வீரோ பீச்சில் பழைய கடற்படை முகாமொன்றைத் தனக்கென எடுத்துக்கொண்டது. அதன் வேலிக்குள் எல்லா வீரர்களும் ஒரே கூரையின் கீழ் உறங்கி ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் உண்டார்கள். வேலிக்கு வெளியே ஊர் பழைய ஊர்தான். 2008 உடன் அக்கழகம் அங்கிருந்து புறப்பட்டு, மறு வருடம் அரிசோனாவுக்குப் போய்விட்டது. 2010 க்குப் பின் டூசொனிலும் பயிற்சி முகாம் இல்லை.

டேட்டோனா பீச்சில் ஆற்றின் நடுவேயுள்ள சிறு தீவில் அந்தப் பழைய மைதானம் இன்றும் இருக்கிறது. இப்போது அதற்கு ஜக்கி ரொபின்சனின் பெயர். வாசலில் அவருடைய சிலை, இரண்டு பிள்ளைகளுடன். பெரிய கழகம் எதுவும் அங்கே முகாமிடுவதில்லை; ஆனால் ஏப்ரலுக்குப் பின் போனால் சிறு கழகத்தின் ஆட்டம் பார்க்கலாம். ரேச்சல் 2022 ஜூலையில், நூறு வயது நிறைந்த அதே மாதத்தில், நியூ யோர்க்கில் கணவரின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் நாடாவை வெட்டச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.