அப்பாவின் தப்பும் என் கிட்டாரும்



"கிட்டார் வாசிக்கிறவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் எதுக்குடா?" என்று என் வகுப்பில் கேட்காதவர் இல்லை. அதற்கான பதிலைத்தான் இந்த மலரில் எழுத வந்திருக்கிறேன்.

என் ஊர் கல்வராயன் மலையடிவாரம், கச்சிராயபாளையம் பக்கம். அப்பாவுக்கு மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. சாவு, திருவிழா என்றால் தப்பு அடிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். முதலாமாண்டு சேர்ந்தபோது "அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டவர்களிடம் "விவசாயம்" என்றேன். தப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் இன்னிசைக் கச்சேரி செய்யும் அண்ணன் ஒருவர் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கொடுத்துப் பழக்கினார். லீவு நாளில் கச்சேரிக்குப் போனால் பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் ஆகும். போன வருடம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாடகி அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "தம்பி, மூணு கட்டை எட்டாது. ரெண்டு கட்டையில போட்டுக்கலாம்" என்றார். கீபோர்டு அண்ணன் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டினார். அவர் வேலை முடிந்தது. நானோ ஆறு கம்பிக்கும் கீயைத் திருக வேண்டும்! கேப்போ மாட்டினால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. விரலை வேறு இடத்தில் வைத்துச் சமாளிக்கவோ அப்போது எனக்குக் கை வரவில்லை.

கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்குப்படி மூன்று கட்டையை இரண்டாக்க, இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'ஜிர்' என்றது. அடுத்த பாட்டுக்கு மறுபடி ஏற்றினேன். 'டங்!' முதல் கம்பி அறுந்தது. கூட்டம் சிரித்தது. அன்றைய சம்பளத்தில் பாதியும் போயிற்று.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "பனி இறங்குனா என் தோலும்தான் தொய்ஞ்சு போவுது. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுறேன் இல்ல? உனக்கும் அதுமாதிரி ஒண்ணு இருக்கும். தேடு" என்றார்.

தேடினேன். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1000 ரூபாயைச் சேர்த்து, ஒருவர் பயன்படுத்திய பழைய பெடல் ஒன்றை வாங்கினேன். கம்பியைத் தொடாமலே சுருதியை மாற்றும் பெட்டி அது. இப்படிச் சுருதி மாற்றும் டிஜிட்டல் கருவியை அமெரிக்காவின் ஈவென்டைட் நிறுவனம் 1975-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்று ஸ்டுடியோ அலமாரியில் இருந்தது, இன்று என் காலடியில்!

அது வேலை செய்யும் விதம் நம் பாடத்தில் உள்ளதுதான். கிட்டாரின் ஓசையை நொடிக்கு 44,100 தடவை போல அளந்து, எண்களாக நினைவகத்தில் எழுதும். எழுதிய வேகத்தைவிட மெதுவாகப் படித்தால் சுருதி இறங்கும். 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆறாவது கம்பி 73.4 ஹெர்ட்ஸில் கேட்கும். ஆனால் மெதுவாகப் படிக்கிறவன் பின்தங்கிக்கொண்டே போவானே? அதனால் அவ்வப்போது முன்னால் தாவ வேண்டும். தாவும்போது 'டக்' என்று கேட்காமலிருக்க இரண்டு இடத்திலிருந்து படிக்கிறார்கள். ஒன்று அடங்க, மற்றது எழும். நம்ம ஊர்க் கூத்தில் பின்பாட்டுக்காரர் பாட்டை வாங்கிக்கொள்வாரே, அதுபோல!

குறையும் உண்டு. ஓசை வர ஒரு துளி தாமதமாகும். பல கம்பிகளைச் சேர்த்து அடித்தால் தண்ணீருக்குள் ஆடுவதுபோல் இருக்கும். வீட்டில் மெதுவாக வாசித்தால் கம்பியின் சொந்தச் சுருதி ஒன்று, ஸ்பீக்கரின் சுருதி வேறொன்று என்று இரண்டும் காதில் விழும். வெளியே ஒரு சுருதி, உள்ளே ஒரு சுருதி. கல்லூரியில் நானும் அப்படித்தானே இருந்தேன்?

இந்த வருடம் அதே திருவிழா. வகுப்பு நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். சாமி புறப்பாட்டுக்கு அப்பாவின் செட்டுதான். மலைக் குளிரில் அவர் தோல் தொய்யும், என் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். அவர் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினார். நண்பர்களும் கை காய்ச்சிக்கொண்டார்கள். அடி தொடங்கியதும் ஒருவன், "யாருடா அந்தப் பெரியவரு? பின்னி எடுக்குறாரே!" என்றான்.

ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. பிறகு, "எங்க அப்பாடா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. போய் அப்பாவிடம் குச்சியை வாங்கி அடித்துப் பார்த்தான். சத்தமே வரவில்லை!

இரவு மேடையில் அக்கா மறுபடி இரண்டு கட்டை கேட்டார். கம்பியை முன்கூட்டியே சரி செய்திருந்தேன். பெடலைக் காலால் அழுத்தினேன். இறங்கியது. கச்சேரி முடிந்ததும் அப்பா பெடலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீயில்லாமலே காய்ச்சுறியேடா!" என்றார்.

நண்பர்களே, எலெக்ட்ரானிக்ஸ் எதுக்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். முதலாமாண்டில் கேட்டவர்களுக்கும் பாதி பதில் பாக்கி இருக்கிறது: என் அப்பா விவசாயக் கூலி. தப்பிசைக் கலைஞரும்கூட.

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை