பந்தி முடிந்த பிறகு

ஏப்ரல் 13, 2017

தம்பி கொழும்பிலிருந்து இராத்திரி ரயிலில் வந்து சேர்ந்தான். நாளை வருஷப் பிறப்புச் சாப்பாட்டுக்கு 38 பேர். மழை இல்லாமல் பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் கால் கடுத்துப்போகிறது. அத்தனை தட்டையும் யார் கழுவுவது? பதுளை பசாரில் லஞ்ச் ஷீட் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சாப்பாட்டை எண்ணெய்த் தாள்ல வைக்கிறதா?" என்றாள்.

ஏப்ரல் 14, இரவு

தூக்கம் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

காலையில் கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா கெவுமும் கொக்கிஸும் தட்டில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுவந்தார். வெறுந்தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா முறுக்கு வைத்து அனுப்பினாள். மத்தியானம் பந்தி நன்றாகத்தான் நடந்தது. தட்டுக்கு மேல் ஷீட், சாப்பிட்டதும் அப்படியே சுருட்டி மூலையில் போட்டாயிற்று. பிறகு பிள்ளைகளுக்குக் கப்பில் ஐஸ்கிரீம். எல்லாம் சேர்த்து நான்கு உரச்சாக்கு. அரைப் பானைச் சோறும் மிஞ்சியது. சாக்குகளை நானே தோட்டத்து லயத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கவிழ்த்தேன்.

திரும்பி வரும்போது பக்கத்துக் காம்பராவில் டிவி முன்னால் கூட்டம். கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்துவிட்டது. தம்பி போர்டிங் இருந்தது அந்த மேட்டின் அடியில்தான். "வருஷத்துக்கு இங்கேயே இருந்து பால்சோறு சாப்பிட்டுட்டுப் போ" என்று போர்டிங் அம்மா கேட்டாராம். இவன்தான் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்று வந்துவிட்டான். போனைக் காதில் வைத்தபடி இஸ்தோப்பில் நிற்கிறான். அந்தப் பக்கம் மணியே அடிக்கவில்லை.

ஏப்ரல் 15

தம்பி முதல் பஸ்ஸில் போய்விட்டான். மிஞ்சிய சோறு புளித்துவிட்டது.

ஏப்ரல் 19

இன்று பேசினான். அந்த ஒழுங்கையே இல்லையாம். போர்டிங் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "பிறகு சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டான். இறந்தவர்கள் 30ஐத் தாண்டிவிட்டார்கள் என்கிறார்கள். குப்பைமேடு 300 அடி உயரமாம். ஒரு நாளைக்கு 800 தொன் கொட்டினார்களாம். இப்போது கொழும்புக் குப்பையைக் கொட்ட இடம் தேடி லொறிகள் அலைகின்றன. எந்த ஊர்க்காரர்தான் விடுவார்கள்?

அம்மாவுக்கு மீரியபெத்தை ஞாபகம். 2014இல் தீபாவளி முடிந்து ஒரே கிழமையில், ஒக்டோபர் 29ஆம் தேதி, கொஸ்லந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. "அங்க மலை வந்துச்சு. இங்க நம்ம போட்டதுல்ல வந்துருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம குப்பை என்ன கொழும்புக்கா போச்சு?" என்று கத்தினேன்.

"அப்ப எங்க போச்சு?" என்றாள்.

ஏப்ரல் 27

மழை. லயத்துக் கான் அடைத்து, தண்ணீர் கடைசிக் காம்பராவுக்குள் ஏறியது. கம்பால் கிளறியபோது கையோடு வந்தது லஞ்ச் ஷீட். நாய்களோ காற்றோ பள்ளத்திலிருந்து இழுத்து வந்திருக்கவேண்டும். எங்கள் கோழிக்கறியின் மஞ்சள் எண்ணெய் அதில் இன்னும் அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. "என்ன அடைச்சுச்சு?" என்று பிள்ளையின் தாய் கேட்டபோது ஷீட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மே 11

வெசாக்குக்குத் தம்பி வரவில்லை. ரயில் டிக்கெட் இல்லை என்றான்.

ஜூலை 30

நாடு முழுக்க டெங்கு, ஒரு இலட்சம் பேரைத் தாண்டிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து லயத்தைச் சுற்றிப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கி ஒரு ஐஸ்கிரீம் கப்பை எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினார். இரண்டு கரண்டித் தண்ணீர் இருக்கும். அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. இந்த லயத்தில் கப் ஐஸ்கிரீம் கொடுத்த வீடு எங்களுடையது மட்டும்தான். பிறகு நானும் அம்மாவும் இறங்கி, இருட்டும் வரை பொறுக்கினோம்.

செப்டெம்பர் 2

நேற்றிலிருந்து லஞ்ச் ஷீட், சொப்பிங் பை, ரெஜிபோம் பெட்டி எல்லாவற்றுக்கும் தடை. பொலித்தீனை வெளியில் போட்டு எரிக்கவும் கூடாது. பசாரில் நான் வாங்கும் கடையில் இன்னும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது. "பழைய சரக்குக்கா, வேணுமா?" வேண்டாம் என்று வந்துவிட்டேன். மீதொட்டமுல்லையில் 32 பேர் செத்த பிறகுதான் இந்தச் சட்டம் வரவேண்டியிருந்ததா?

ஒக்டோபர் 8

தீபாவளிக் கணக்குப் போட்டோம். இந்த முறை வாழையிலைதான் என்று சொன்னேன். காசு கொடுத்து வாங்க வீட்டுக்காரருக்கு மனமில்லை. சேர்ப்பதையெல்லாம் சேர்த்தாலும் தோட்டத்து நாள் சம்பளம் 730 ரூபா. அவரைக் குறை சொல்லமுடியாது. எனக்கும் அழுகை வந்தது.

அம்மா ஒன்றும் பேசாமல் கீழ்க் கிராமத்துக்கு இறங்கிப் போனாள். பொழுதுபட வந்து, "வேணுங்கிற அளவு வெட்டிக்கச் சொன்னாங்க" என்றாள். முறுக்குத் தட்டு போன வீடு.

சோற்றுக்கும் அம்மாதான் கணக்கு. பெரியவருக்கு அரைச் சுண்டு அரிசி, பிள்ளைக்குக் கால், கடைசியில் கைப்பிடி இரண்டு சேர்த்து. வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடவேண்டுமாம். "கேக்கிறது மரியாதைக் குறைவு இல்லடி. சோத்தக் கொட்டுறதுதான் மரியாதைக் குறைவு."

ஒக்டோபர் 18

தீபாவளி. தம்பி வந்தான், மெலிந்துபோய்.

இலைகளை அடுப்பு அனலில் வாட்டித் துடைத்து, காம்பராவிலும் இஸ்தோப்பிலும் இரண்டு பந்தி. 34 பேர். சூட்டுச் சோறு விழுந்ததும் இலை மணம் எழும்பியது. அதை மறந்தே போயிருந்தேன். ஐஸ்கிரீம் இல்லை, டம்ளரில் பாயாசம். பானையில் மிஞ்சியது இரண்டு பேருக்கான சோறு. இவ்வளவு சந்தோஷமாக ஒரு பந்தி நான் பரிமாறியதில்லை.

விருந்தாளி தன் இலையை எடுக்கக்கூடாது, வீட்டார்தான் எடுக்கவேண்டும். நான் குனிவதற்கு முன்னால் தம்பி குனிந்துவிட்டான். ஒவ்வோர் இலையாக மடித்து, எலும்பைத் தனியே ஒதுக்கி, கூடையில் அடுக்கினான். "நீ உக்காருடா, நான் எடுக்கிறேன்" என்றேன். தலை நிமிராமலே சொன்னான்: "போர்டிங் அம்மா ஒரு நாளும் என் தட்ட என்னைக் கழுவ விட்டதே இல்லக்கா."

ஏப்ரலில் கேட்டதை நான் மறுபடி கேட்கவில்லை. கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக மேல் லயத்து மாட்டுப்பட்டிக்குத் தூக்கிப் போனோம்.

ஒக்டோபர் 21

விருந்தாளிகள் கொண்டுவந்த சோடாப் போத்தல்களும் பட்டாசுப் பொலித்தீனும் அரைச்சாக்கு இருக்கிறது. குப்பை டிரக்டர் ரோட்டோடு போய்விடும், லயத்துக்கு ஏறாது. எங்கே கொடுப்பது என்று மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. சாக்கைக் கட்டி இஸ்தோப்பு மூலையில் வைத்திருக்கிறேன்.

இரவு தம்பி பேசினான்.

"அந்தச் சாக்கு இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு."

"பள்ளத்துல போட்றாத."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.