தாத்தாவின் குரலைத் தேடி

சைனாடவுன் என்றதும் சிவப்பு விளக்குகளும் சீனப் புத்தாண்டுச் சந்தையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அங்குள்ள பகோடா தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஓர் இந்துக் கோயிலின் கோபுரம். நாராயண பிள்ளை 1827ஆம் ஆண்டு நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. அதே சாலையில் சற்றுத் தள்ளி, தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தால் நாகூர் தர்கா. மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த காலத்தில், உயர்நிலை இரண்டில் பயின்ற மாணவர்களை ஆண்டுதோறும் அங்கு அழைத்துச் செல்வேன். அவர்கள் படம் எடுப்பார்கள்; முதியவர்களைப் பேட்டி காண்பார்கள். எல்லாவற்றையும் ஒரு கையடக்க வன்தட்டில் சேர்த்துவைத்தோம். பிறகு நான் பாடத்திட்டப் பணிக்கு மாறினேன். வன்தட்டும் என்னோடு வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, முன்னாள் மாணவி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். “டீச்சர், 2013இல் சைனாடவுன் போனபோது என் தாத்தாவைப் பேட்டி கண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தாத்தா போன மாதம் தவறிவிட்டார். அவர் குரல் எங்களிடம் வேறு எங்குமே இல்லை. பாட்டி கேட்கிறார். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா?”

அவருடைய தாத்தாவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இளமையில் தஞ்சோங் பகாரில் குடியிருந்தவர். ஆனால், வன்தட்டைத் திறந்தால் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள்! ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘கடைசி’, ‘உண்மையிலேயே கடைசி’ என்று கோப்புறைகள். உங்கள் கணினியிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கக்கூடும்.

கோப்புகளின் பெயர்களும் உதவவில்லை. கேமரா தான் எடுக்கும் படத்துக்கு நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட பெயரைத் தானே சூட்டும். 9999 வரை எண்ணியபின் மீண்டும் 0001க்குத் திரும்பிவிடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களில் ஒரே பெயருடைய இரண்டு வேறு படங்கள் இருப்பது இயல்பு. ஒலிப்பதிவுக் கருவியும் அப்படித்தான். ‘ரெக்0009’ என்ற பெயர் பேசியவர் யார் என்பதைச் சொல்லாது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வாரக்கணக்கில் ஆகும். எனவே, பைத்தான் மொழியில் முப்பது வரிகளில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது எல்லாக் கோப்புறைகளுக்குள்ளும் நுழைந்து, ஒலிக்கோப்புகளின் பெயர், அளவு, தேதி, இருக்குமிடம் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. பட்டியலிடுவது மட்டும்தான் அதன் வேலை. எதையும் நகர்த்தவோ அழிக்கவோ நான் அதை அனுமதிக்கவில்லை. கையால் பத்துக் கோப்புகளை அழிப்பதற்குள் நமக்கே சந்தேகம் வந்து நிறுத்திவிடுவோம். நிரலுக்குச் சந்தேகமே வராது.

தேதியை வைத்துத் தேடலாம் என்று நினைத்தேன். பல கோப்புகளில் ஜனவரி முதல் தேதி என்றே இருந்தது. மின்கலத்தை மாற்றியபின் ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பியிருக்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை போலும்.

அடுத்து, நகல்களைக் கண்டறிய முயன்றேன். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணினி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடும். அது மனிதரின் கைரேகை போன்றது. கோப்பின் பெயர் மாறினாலும் கைரேகை மாறாது. ஒரு மாணவர் குழு தன் பதிவை நகலெடுத்து, அதற்குத் தமிழில் பெயரிட்டு, ‘2013’ என்ற கோப்புறையில் வைத்திருந்தால், அதே கைரேகை கொண்ட மூலக்கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதுதான் அந்த ஆண்டின் கருவியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

எனவே, ‘கோயில்’ என்று தேடினேன். 2013ஆம் ஆண்டுக் கோப்பு எதுவும் வரவில்லை. ‘கோவில்’ என்றும் தேடினேன். அதற்கும் பலனில்லை. ஆனால், அந்தக் கோப்புறையைத் திறந்தால் ‘கோயில் வாசல்’ என்ற கோப்பு என் கண் எதிரே இருக்கிறது!

இதற்கான விடை சுவையானது. ‘கோ’ என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். யூனிகோடு முறையில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது. அந்தக் குழு அத்தகைய கணினியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். தேடும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். உடனே ‘கோயில் வாசல்’ பட்டியலில் வந்தது. அதன் கைரேகையும் ‘புதிய கோப்புறை 2’க்குள் இருந்த ‘ரெக்0021’இன் கைரேகையும் ஒன்று. அந்தக் கோப்புறையில் மொத்தம் பதினான்கு பதிவுகள் இருந்தன.

நிரலின் வேலை அங்கே முடிந்தது. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். பேருந்துச் சத்தம், மாணவர்களின் சிரிப்பு, யாரோ ஒருவர் பூ விலை கேட்பது. ஒன்பதாவது பதிவில் கோயில் மணி ஒலித்தது. அதைத் தொடர்ந்து, “எங்க காலத்துல” என்று ஒரு குரல்.

பதிவு பதினொரு நிமிடம். இளமையில் தீமிதித் திருவிழாவின்போது சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சைனாடவுன்வரை நடந்துவந்து பூக்குழி இறங்கியதைத் தாத்தா சொல்கிறார். “கால் சுடலையா தாத்தா?” என்று பதினான்கு வயதுப் பேத்தி கேட்கிறார். தாத்தா சிரிக்கிறார். ஏதோ பதில் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து மணி மீண்டும் அடிக்கிறது. பதில் கேட்கவில்லை.

அன்று மாலையே கோப்பை அனுப்பிவைத்தேன். மறுநாள் பதில் வந்தது. “பாட்டி மூன்று முறை கேட்டார், டீச்சர். தாத்தா என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியுமாம். ஆனால், எங்களிடம் சொல்லமாட்டாராம்.”

மற்ற பதின்மூன்று பதிவுகளுக்கும் இப்போது ஆண்டு, இடம், பேசியவர் என்ற வரிசையில் பெயரிட்டுவிட்டேன். எண்களை 01, 02 என்று சுழியத்தோடு எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் சில கணினிகள் 10ஐ 2க்கு முன்னால் வைத்துவிடும். நான்கு குரல்கள் யாருடையவை என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அன்று வந்த மாணவர்களில் சிலருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.