தாடையை அசைக்காதீங்க

"கான்டாக்ட் லென்ஸ் போட்டு எத்தனை நாள் ஆச்சுக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரெண்டு வாரமா போடலை" என்றேன்.

லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. 2016-ஆம் வருடம், எனக்கு 23 வயது. திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில், லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று பார்ப்பதற்கான பரிசோதனை. அன்று நான் சொன்ன பொய்யும், அதற்குப் பிறகு சொன்ன ஒரு வாக்கியமும் இத்தனை வருடம் என்னோடுதான் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி'. காலையில் கண் விழித்ததும் தலையணைக்குப் பக்கத்தில் தடவித் தேடினால்தான் அன்றைய நாள் தொடங்கும். சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவி படிந்து அடுப்பே மறைந்துவிடும். வரன் பார்க்கப் புகைப்படம் எடுக்கப் போன இடத்தில், "கண்ணாடியைக் கழட்டிடுங்கம்மா, வெளிச்சம் அடிக்குது" என்றார் ஸ்டூடியோக்காரர். கழற்றினேன். படத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தழும்பு. ஆனால் வீட்டில் யாரும் என்னை லேசர் செய்துகொள்ளச் சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆசை முழுக்க என்னுடையது. சேர்த்து வைத்திருந்த சம்பளமும் என்னுடையது.

பரிசோதனைக்குத் தேதி கொடுத்தபோதே தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வர வேண்டும், பழைய கண்ணாடிச் சீட்டெல்லாம் எடுத்து வர வேண்டும். சரி சரி என்றேன். முந்தின நாள் சாயங்காலம் தஞ்சாவூரில் சித்தப்பா மகளுக்குக் கல்யாண வரவேற்பு. "ஒரு நாள் கண்ணாடியோட வந்தா என்னடி?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் லென்ஸ் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மை அது இல்லை. அந்தப் பதினான்கு நாளில் பத்து நாளாவது லென்ஸோடுதான் அலுவலகம் போனேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. லேசர் செய்வதற்குக் குறைந்தது ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். எனக்கு அந்த வருடம் மைனஸ் ஐந்தேமுக்காலில் இருந்து ஆறரைக்கு ஏறியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய கண்ணாடியைக் காட்டி, "இது வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு, சீட்டு தொலைஞ்சிடுச்சு" என்றேன். சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அந்தப் பெண் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மூக்கில் உட்காரும் பிளாஸ்டிக் துண்டு மஞ்சள் பூக்காமல் வெள்ளையாக இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். பவர் பார்ப்பதும், கருவிழியைப் படம் எடுப்பதும் அவள் வேலை. இருட்டான சின்ன அறை. தாடை வைக்கும் இடத்தில் புதுசாக ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டாள். நெற்றியைப் பட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டேன். நீல வெளிச்சம் சுழன்றது. "தாடையை அசைக்காதீங்கக்கா. சிமிட்டாம நடுவுல இருக்கிற விளக்கையே பாருங்க." இரண்டே விநாடி. திரையில் கருவிழியின் வரைபடம் வந்தது. வளைவு அதிகமான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம்.

முதல் படம் அவளுக்குத் திருப்தியாக இல்லை. இன்னொன்று எடுத்தாள். அது வேறு மாதிரி வந்தது. மூன்றாவது எடுத்தாள், அதுவும் ஒத்துப்போகவில்லை. என் பக்கம் குனிந்து, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "லென்ஸ் கடைசியா எப்பப் போட்டீங்கன்னு இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். எனக்குத் தப்பிக்க வழி கொடுத்துத்தான் கேட்டாள்.

"அதான் சொன்னேனே" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு டாக்டரின் அறை. அவர் படங்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால் நானாகச் சொன்னேன்: "அவங்க வேலைக்குப் புதுசு போல சார். மூணு தடவை எடுத்தாங்க, சரியா வரலை."

அந்த வாக்கியம்தான். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது, வெளியே நாற்காலிகளில் பத்துப் பேராவது இருந்தார்கள். "ஒழுங்கா எடுக்கத் தெரியலைன்னா சீனியரைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றார். "லென்ஸ் பத்திக் கேட்டேன் சார்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரம் ஆச்சு சார்" என்றேன் மறுபடியும், முகம் மாறாமல். அவள் கையில் ஒரு நீலப் பேனா. அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த 'டிக்' சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டாக்டர் ஃபைலில் ஒரு வரி எழுதினார். "எதுக்கும் லென்ஸே போடாம மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

என் பொய் எதைக் கெடுத்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவிடும். காற்று சரியாகக் கிடைக்காமல் கருவிழி வீங்கவும் செய்யும். வீங்கினால் இருக்கிற தடிமனைவிட அதிகமாகக் காட்டும். கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். லாசிக் என்ற அந்த லேசர் சிகிச்சையில் மேலே ஒரு மெல்லிய மடலைக் கிளப்ப 110 மைக்ரான் அளவு போகும். ஒவ்வொரு பவருக்கும் லேசர் ஏறத்தாழ 15 மைக்ரான் சீவும். என் ஆறரைக்குக் கிட்டத்தட்ட 100. அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால் கருவிழி பலவீனமாகி முன்னால் பிதுங்கிவிடும் ஆபத்து கூடும். இந்தக் கணக்கில் பத்து மைக்ரான்கூடப் பெரிய விஷயம்.

இந்த லேசர் வந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பர் 27 அன்று, முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். பக்கத்தில் எதுவும் கருகாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் என்ற இரண்டு சகாக்களோடு அவர் செய்த வேலைதான் பின்னால் கண் சிகிச்சைக்கு வந்தது. ஒரு துடிப்புக்கு மைக்ரானில் கால் பங்கு அளவுதான் சீவும் என்று படித்தபோது, அந்தத் துல்லியத்தைவிட அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். அந்த லேசருக்கு எண் கொடுப்பது அவளைப் போன்றவர்கள் எடுக்கும் படம். அவள் அந்தப் படத்தைச் சரியாகத்தான் எடுத்திருந்தாள். கெட்டுப்போயிருந்தது என் கருவிழி.

மூன்று வாரம் லென்ஸைத் தொடவே இல்லை. மனம் திருந்தி அல்ல. மறுபடி படம் சரியாக வராவிட்டால் லேசர் கிடைக்காதே என்ற பயம்.

அதே அறை, அதே பெண். என்னை அடையாளம் தெரிந்தது அவள் முகத்தில் தெரிந்தது. டிஷ்யூ பேப்பரைப் போட்டாள். நெற்றியை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தாடையை அசைக்காதீங்கக்கா" என்றாள்.

படத்துக்காகத்தான் சொன்னாள். நான் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். படம் எடுத்து முடிந்த பிறகு வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த ஆள் கதவருகே நின்றார், நான் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த முறை படம் ஒரே தடவையில் சுத்தமாக வந்தது. அன்று 491 மைக்ரான் காட்டிய தடிமன் இன்று 478. இடது கண்ணில் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு சாய்வு. டாக்டர் பேனா முனையால் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டினார். கெரடோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்தள்ளும் நோய். அதன் ஆரம்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம். அப்படிப்பட்ட கண்ணில் லேசர் வைத்தால் இருக்கிற பார்வையும் கெடும். "உங்களுக்கு லேசர் கிடையாது. கண்ணைக் கசக்கவே கசக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துடுங்க." பஸ்ஸில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தேன். அழுதது கண்ணாடிக்காக. அந்தப் பெண்ணுக்காக அன்று ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

நோய் முற்றவில்லை. கண்ணாடியோடுதான் கல்யாணம் நடந்தது. ஆறு மாதம் என்பது பிறகு ஒரு வருடமானது. நான்காவதோ ஐந்தாவதோ தடவை போனபோது அந்த நாற்காலியில் வேறு பெண் இருந்தாள். முன்னே இருந்தவளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் துணிச்சல் வரவில்லை.

என் ஃபைல் இப்போது தடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் டாக்டர் அதை முதல் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். 2016-இல் எடுத்த அந்த மூன்று படங்களுக்குக் கீழே அவர் எழுதிய வரி அப்படியே இருக்கிறது: படம் சரியாக எடுக்கப்படவில்லை, பணியாளருக்குச் சொல்லப்பட்டது. போன முறை அந்தப் பக்கம் வந்தபோது கையை நீட்டி நிறுத்தினேன்.

"சார், இது தப்பு. அன்னைக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நான் லென்ஸ் போட்டிருந்தேன். அந்தப் பொண்ணு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்த வரியைப் பார்த்தார். யாரைத் திட்டினோம் என்றே அவருக்கு நினைவில்லை என்று தெரிந்தது. "அது பழசும்மா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.