முன் சென்றோர் கடன்

யாம் தமிழாசிரியர், சட்டம் கற்றிலோம். ஆயினும், எம்மிடம் பயின்று, 1874இல் நிறுவப்பெற்றுக் கொழும்புப் புதுக்கடையில் இயங்கும் சட்டக் கல்லூரி புகுந்தோருள் சிலர் முதலாண்டில் வாய் திறவாது வாடுதலை அறிவோம். தீர்ப்பொன்றைக் கையிலெடுத்தால் நிகழ்ச்சி எது, வினா எது, முடிவு எது, காரணம் எது எனப் பிரித்தறிய அவர்க்கு வழி தெரிவதில்லை. விரிவுரையாளர்க்கு அத்தொல்லை மறந்து பல்லாண்டாயிற்று. ஓராண்டு முன் சென்றவனுக்கோ தான் இடறிய கல் இன்னும் நினைவிலுண்டு. 1707இல் தொகுக்கப்பெற்ற எம் தேசவழமையின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் ஆங்கிலத் தீர்ப்புகளிலும் அவ்வாறே வழங்குகின்றன. வீட்டிற் கேட்டு வளர்ந்த சொல்லை அங்கே கண்டால், அஞ்சிய பிள்ளையும் நிமிர்வான். காட்டுதற்கு மூத்தோன் ஒருவன் வேண்டும். பழைய மாணவரே, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இளையோர்க்கு ஈவீராக.