அந்தச் சொல்

எங்கள் ஊத்துக்கோட்டையில் எல்லை தாண்டுவது பெரிய காரியமில்லை. பிரதோஷம் வந்தால் ஆட்டோ பிடித்து சுருட்டப்பள்ளிக்குப் போவோம். பள்ளிகொண்டீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆந்திராவில் ஒரு டீ குடித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்தால் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட்டில் அதிகாரிகள் பூத்தூவி வரவேற்பார்கள். எல்லை என்றால் எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒருவர் வந்தார். கும்மிடிப்பூண்டி முகாம்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். எங்களிடம் பேசும்போது சுத்தமான திருவள்ளூர்த் தமிழ்; போன் வந்தால் மட்டும் மாடிப்படிக்குப் போய் வேறொரு தமிழில் பேசுவார். அம்மா அவரை ‘பெயிண்டர் தம்பி’ என்பாள். நான் ‘அண்ணே’ என்பேன்.

இரண்டாம் நாள் கூடத்தில் பட்டி பார்த்த சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். டிவியைப் பழைய போர்வையால் மூடியிருந்தோம். பண்டிகைப் படம் போடுகிறான் என்று நான் போர்வையைத் தூக்கி டிவியின் தலையில் போட்டேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஓடிக்கொண்டிருந்தது.

மணிரத்னம் இயக்கி, சுஜாதா வசனம் எழுதிய படம். 2002-இல் வந்தது, ஆறு தேசிய விருதுகள் வாங்கியது. கதை எல்லோருக்கும் தெரியும். புருஷன் போராடப் போய்விட, ஷ்யாமா கர்ப்பிணியாகப் படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். முகாமில் பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். எழுத்தாளன் திருச்செல்வன் அந்தக் குழந்தையை முதலில் கதையாக எழுதுகிறான். பிறகு இந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டு மகளாக்கிக்கொள்கிறான். ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்கு உண்மை தெரிகிறது. பெற்றவளைத் தேடி இலங்கைக்கே போகிறார்கள்.

நடிகர்கள் பேசும் ஈழத்தமிழைக் கேட்டு அண்ணன் முதலில் சிரித்துக்கொண்டார். அம்மாவும் மகளும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் உப்புத்தாள் சத்தம் நின்றுவிட்டது. அமுதா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். ஷ்யாமாவிடம் பதில் இல்லை. மகளோடு வரவும் மறுக்கிறாள்.

“என்ன இருந்தாலும் பெத்த பிள்ளைக்குச் செஞ்ச துரோகம்தானே அண்ணே?” என்றேன். சீரியலில் நாளைக்குப் பத்து தடவை காதில் விழும் சொல். வாயில் வந்தது, சொன்னேன்.

“அந்தச் சொல்லைச் சும்மா சொல்லாதீங்க தம்பி.”

கீழே இறங்கி உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, தெருமுனை மின்கம்பத்தில் ஒரு ஆளைக் கட்டிவைத்திருந்தார்களாம். உயிர் இல்லை. கழுத்தில் அட்டை. அட்டையில் அந்தச் சொல். அந்த ஆளின் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருந்ததாம். அப்படிப் பல கம்பங்கள் அந்த ஊர் பார்த்திருக்கிறது. “அவர் என்ன செய்தார் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. எழுத்து வடிவா இருந்தது. அதுதான் ஞாபகம் இருக்கு.” மாடிப்படித் தமிழ் முதல்முறையாக எங்கள் கூடத்துக்கு வந்தது.

1990-இல் பதினாறு வயதில் அவரைப் படகேற்றிவிட்டது அவருடைய அம்மா. “அவ ஏறேல்ல. அம்மம்மாவால நடக்க ஏலாது. ஒராளை விட்டாத்தான் மற்றாளைக் காப்பாத்தலாம். என்னை விட்டிட்டா எண்டு சொல்றதா, என்னைக் காப்பாத்தினா எண்டு சொல்றதா?”

அவரை மண்டபத்தில் இறக்கி, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினார்கள். தண்ணீருக்குத் தூவிய பூவெல்லாம் அவருக்கு இல்லை. மாதாமாதம் கணக்கெடுப்புக்கு நேரில் நிற்க வேண்டும், நின்றால்தான் பணக்கொடை. 2021-இல் பலகையில் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. பெயிண்ட் வேலை மாறவில்லை.

அந்தப் படம் வெளியான அதே பிப்ரவரியில், 22-ஆம் தேதி, நார்வேயின் முயற்சியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. என்றாவது சமாதானம் வரும் என்று ஷ்யாமா சொன்னது திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதே நிஜத்திலும் நடந்துவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் பன்னிரண்டு வருடம் சேர்த்துவைத்த கேள்விகளோடு அம்மாவுக்குப் போன் செய்ய எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருக்கிறார். இருபது நிமிடம் கிணற்றைப் பற்றியும் ஓடு மாற்றியதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டார். “கேக்கேல்ல தம்பி. குரலைக் கேட்டாப் பிறகு கேக்கத் தோணேல்ல.” 2008 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. 2009 மே மாதத்தை எல்லோரும் அறிவோம். அம்மா பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாட்சியின் நாவலிலிருந்து எடுத்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ (1996) படத்தையும் அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்த்தேன். ஒன்பது ஆஸ்கர் வாங்கிய படம். பாலைவனக் குகையில் காயத்தோடு கிடக்கும் காதலியிடம் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தவன், விமானத்துக்குப் பெட்ரோல் வேண்டும் என்று வரைபடங்களை ஜெர்மானியரிடம் கொடுத்துவிடுகிறான். அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான். அதனாலேயே வேறு யாருடைய உயிரோ போகிறது. முன்பு அவனுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தேன். இப்போது எழுதக் கை வரவில்லை. சண்டைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அட்டை எழுத நேரம் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குப் படகில் எத்தனை இடம் என்பதுதான் கணக்கு.

திருச்செல்வனைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன். பச்சைக் குழந்தையைப் பார்த்ததும் கதை எழுத உட்கார்ந்தவன். அவனாவது பிறகு அதை வீட்டுக்கு எடுத்துப்போனான். நான் அண்ணனுக்குச் செய்ததெல்லாம் மூன்று நாள் கூலியும் பொங்கல் கரும்பும்தான். அதனால் இதை எழுதுவதற்கு முன் போன் செய்து கேட்டேன்.

“எழுதுங்க தம்பி. பேர் வேண்டாம். அந்தச் சொல்லும் வேண்டாம்.”

பேரைப் போடவில்லை. சொல்லைப் போடாமல் இருக்க முடியவில்லை, அண்ணே. என் வாயிலிருந்து வந்ததாக மட்டும் போட்டிருக்கிறேன்.