கனகாம்பரம்: கைகளை நம்பி விளையும் பூ

ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவை சேர்ந்த அகாந்தேசியே குடும்பத்தில் கனகாம்பரமும் ஒன்று. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். செடி பெரும்பாலும் இரண்டு, மூன்று அடி உயரத்தோடு நின்றுவிடும். பட்டைகொண்ட கதிரில் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி மலர்கின்றன. மெல்லிய குழலின் முனையில் ஐந்து மடல்கள் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்திருக்கும். மணம் இல்லை. நிறத்துக்காகவும் விரைவில் வாடாத தன்மைக்காகவுமே பெண்கள் இதை விரும்பிச் சூடுகிறார்கள்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதி கிரிவலப் பாதையில் அமைந்தது. இங்குள்ள பூக்காரப் பெண்களின் கூடைகளில் கனகாம்பரம் தனிச் சரமாகவும், மல்லியும் மரிக்கொழுந்தும் கலந்த கதம்பமாகவும் முழக்கணக்கில் விற்கிறது. பௌர்ணமி நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் பூ விற்பனை பெருகும்.

நல்ல வடிகால் உள்ள செம்மண் இதற்கு ஏற்றது. விதைத்து ஏறத்தாழ 60 நாளான நாற்றைப் பிடுங்கி, பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு நடுகிறார்கள். முற்றிய காய் ஈரம் பட்டதும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும் என்பதால், விதைக்கான கதிர்களை மழை வருமுன் அறுத்துவிட வேண்டும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காத மும்மடிய வகை. அதைக் குச்சி வெட்டி வேர்பிடிக்க வைத்தே பெருக்குகிறார்கள். பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா உள்ளிட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் பூ தொடங்கிவிடும். ஒரு பூ முழுதாக விரிய இரண்டு நாள் ஆகிறது. எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயில் ஏறுமுன் பறிப்பு நடக்கிறது. இந்தப் பயிரின் பெரும் உழைப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 பூ வேண்டும். எக்டருக்கு ஆண்டுக்கு 2,000 கிலோ என்ற சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிட்டால், ஓர் ஏக்கரில் சுமார் 800 கிலோ, அதாவது 1 கோடியே 20 லட்சம் பூ. அத்தனையும் குழல் முறியாமல் ஒவ்வொன்றாகக் கதிரிலிருந்து உருவி எடுக்கப்படுகின்றன. குனிந்த முதுகோடு இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எத்தனை சென்ட் நடலாம் என்பதை, நிலத்தின் அளவைவிடப் பறிக்கக் கிடைக்கும் ஆட்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

பறித்த பூ கட்டுபவரிடம் வருகிறது. நனைத்துக் கிழித்த வாழைநாரோ நூலோ கொண்டு, சில பூக்களை இப்புறமும் சில பூக்களை அப்புறமுமாக எதிரெதிரே வைத்து முடிச்சிடுகிறார்கள். முடிச்சு இறுகினால் மெல்லிய குழல் அறுந்துவிடும். தளர்ந்தால் பூ நழுவும். இரண்டுக்கும் நடுவிலான அந்த இழுப்பு பழகிய விரலுக்கே தெரியும். நெருக்கக் கட்டிய முழத்துக்கும் இடைவெளி விட்டுக் கட்டிய முழத்துக்கும் விலை வேறு.

வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் இப்பயிரின் முக்கிய எதிரிகள். நூற்புழு தாக்கிய செடி வளர்ச்சி குன்றி இலை வெளிறும். வேப்பம்புண்ணாக்கு இடுவதும், பாதித்த நிலத்தில் மறுபடி கனகாம்பரம் நடாமல் வேறு பயிருக்கு மாறுவதும் தற்காப்பு முறைகள். வடகிழக்குப் பருவமழையிலும் குளிரிலும் பூப்பு குறைகிறது. மலர்ந்த பூவும் மழையில் கெடுகிறது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் பூத் தேவை உச்சத்துக்குப் போவதும் அந்தப் பருவத்தில்தான்.

பூ குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினாலும் பறிப்பதற்கும் கட்டுவதற்கும் உரிய நேரம் குறைவதில்லை. ஆகவே ஒரு முழக் கனகாம்பரத்தின் விலையை மதிப்பிடும்போது, விடியலில் பறித்தவரின் கூலியையும் கட்டியவரின் கூலியையும் முதலில் எண்ணிப் பார்ப்பதே நியாயம்.